லக்ஷ்மிநாராயணன் ஆடிய ரெட் அண்ட் ஃபாலோ

லக்ஷ்மிநாராயணனைப் பார்த்து யாரும் வீரர் என்று சொல்ல மாட்டார்கள். அவரே சொல்லிக்கொள்ள மாட்டார். புனேயை ஒட்டிய சாகணில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் மேனேஜர். தொப்பை, சர்க்கரை, இடது முழங்காலில் ஒரு பிடிப்பு. கும்பகோணத்திலிருந்து வேலைக்காகப் புனே வந்து, அப்படியே தங்கிப்போனவர். இத்தனை வருஷத்தில் மராட்டியில் பிழையில்லாமல் அவருக்கு வருவது ‘புடே சலா’ என்ற ஒன்றுதான். முன்னால் நகருங்கள் என்று அர்த்தம், பஸ் கண்டக்டரிடம் கற்றது. அவர் சொல்லி எத்தனையோ பேர் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். அவர்தான் ஸ்டோர்ஸிலேயே நிற்கிறார்.

ஆனால் கேன்டீன் கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் ராஜா. சிவப்புக் காயைக் குழியில் தள்ளி, அடுத்த அடியிலேயே இன்னொரு காயையும் போட்டு, “ரெட் அண்ட் ஃபாலோ!” என்று அவர் கத்தும்போது வெல்டிங் செக்ஷன் வரைக்கும் கேட்கும்.

மற்ற நேரங்களில் அவர் மனசுக்குள்ளேயே ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். ஹால் பல்பு போனால், “நீலா, எல்லாம் இருண்டுபோச்சு” என்பார். மனைவி நீலா, “ஸ்டூலை எடுத்துண்டு வாங்கோ” என்பாள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகன் ஹர்ஷா குர்காவுன் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை விமானம் ஏறுகிறான் என்றால் எப்படி இருக்கும்? ஒரு வாரமாகக் குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு வழியனுப்பு வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயந்திரம், சாப்பாட்டு மேஜையில், கண்ணில் லேசாக நீர் கட்ட அதைச் சொல்வதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் ஹர்ஷா செருப்பைத் தேடிக்கொண்டே, “அம்மா, இன்னிக்கி டின்னர் வேண்டாம். ஃபிரண்ட்ஸ் பார்ட்டி” என்றான்.

லக்ஷ்மிநாராயணனின் நெஞ்சில் இடி விழுந்தது. விழுந்ததை யாரும் கவனிக்காததால் வாயைத் திறந்தார்.

“நானும் வரேன்.”

“நீயா? அப்பா, அது ஸ்போர்ட்ஸ் பார்.”

“இருக்கட்டுமே. நான் எலுமிச்சை சோடா குடிக்கறேன்.”

“நாங்க அங்க பூல் ஆடுவோம்.”

“பூல்னா என்ன? நின்னுண்டு ஆடற கேரம்!”

ஹர்ஷா அம்மாவைப் பார்த்தான். நீலா, “கூட்டிண்டு போடா கண்ணா. இல்லேன்னா ராத்திரி பூரா எங்கிட்ட வசனம் பேசுவார்” என்றாள்.

“ஓகே. பட் ஒரு கண்டிஷன். எங்க டேபிள் இருக்கற வரைக்கும் நீ இருக்கலாம். அதுக்கப்புறம் நாங்க கோரேகாவ் பார்க் பப்ல டான்ஸ் பண்ணப் போறோம். அங்கல்லாம் நீ வர முடியாது. ரிக்‌ஷா புடிச்சி ஆத்துக்கு வந்துடணும்.”

டேபிள் இருக்கும்வரை மகன். டேபிள் போனால் ரிக்‌ஷா. லக்ஷ்மிநாராயணன் தலையாட்டினார்.

இடம் அவர்கள் குடியிருந்த ஔந்திலேயே, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. பச்சைத் துணி போர்த்திய மேஜைகள். சுவர் நிறைய டிவி. ஒன்றில் கால்பந்து, ஒன்றில் கபடி, எதற்கும் சத்தம் கிடையாது. சத்தத்தையெல்லாம் சேர்த்துப் பாட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு வழக்கம்: ஜெயித்தவர்களுக்கே மேஜை. தோற்ற ஜோடி குச்சியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு இடம் விட வேண்டும். காத்திருக்கிற கூட்டமோ மாடிப்படி வரை நின்றது.

ஹர்ஷாவின் ஆபீஸ் சிநேகிதி அம்ருதா, நல்ல பெண், அவர் காதருகே வந்து விதிமுறைகளை ஹிந்தியில் கத்தினாள். கோடு போட்ட பந்துகள் ஒரு கட்சி, முழு நிறப் பந்துகள் ஒரு கட்சி. வெள்ளைப் பந்தால்தான் அடிக்க வேண்டும். “ஸ்ட்ரைக்கர்!” என்றார் லக்ஷ்மிநாராயணன். அவள் கறுப்புப் பந்தைப் பற்றி ஆரம்பித்தபோது அவர் மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டே வெயிட்டரைக் கூப்பிட்டுவிட்டார். மேஜை வழவழப்பாக இருக்க வேண்டுமே!

“பையா, பவுடர் ஹை க்யா?”

வெயிட்டர் முகம் வெளுத்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “சார், இங்கே அதெல்லாம் கிடையாது. போலீஸ் வரும்” என்று கிசுகிசுத்தான். அவன் எந்தப் பவுடரைச் சொல்கிறான் என்று லக்ஷ்மிநாராயணனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடர் என்று அவர் விளக்குவதற்குள் அவன் கவுண்டருக்குப் பின்னால் போய் மறைந்துவிட்டான். குச்சி முனையில் தேய்க்கிற நீலச் சாக்கட்டி ஒன்று கிடந்தது. அதை எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் நன்றாகப் பூசிக்கொண்டார்.

எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக அவர் நன்றாகவே ஆடினார். கோணம் தெரிந்த கண். கேன்டீனில் உட்கார்ந்து பழகியது வீண் போகவில்லை. பந்தை எதிர் ஓரத்தில் மோத வைத்துத் திரும்பும்போது குழிக்குள் அனுப்பினார். “க்யா பாத் ஹை அங்கிள்!” என்று அம்ருதா கூச்சலிட்டாள். ஹர்ஷா உள்ளங்கையை உயர்த்தி நீட்டினான். அதை என்ன செய்வதென்று தெரியாமல் லக்ஷ்மிநாராயணன் பிடித்துக் குலுக்கினார். எதிராளிகள் தோற்று, அந்த ஆட்டம் முடிந்தபோது அவர் பாத்ரூமில் இருந்தார். சர்க்கரை உடம்பு, இரண்டு எலுமிச்சை சோடா.

அடுத்து வந்தது சலீம் ஜோடி. சலீம் அந்த இடத்தின் நிரந்தர வாடிக்கையாளன், சொந்தக் குச்சியைப் பெட்டியில் கொண்டுவருகிறவன். ஆட்டம் இழுபறியாகப் போயிற்று. பக்கத்து மேஜைக்காரர்களும் வந்து சூழ்ந்தார்கள். ஹர்ஷா யாரிடமோ அவரைக் காட்டி, “மேரே பாபா”, என் அப்பா என்று சொன்னதை லக்ஷ்மிநாராயணன் தன் காதால் கேட்டார். நீல விரல்களால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

அவர் முறை வந்தது. தங்கள் கட்சிப் பந்துகள் இன்னும் மூன்று பாக்கி. ஆனால் அவர் கண்ணில் பட்டது கறுப்பு, அவர் கணக்கில் இந்த ஆட்டத்துச் சிவப்பு. குழியின் வாயிலேயே, ஊதினால் விழும் இடத்தில் அது நின்றது. இவ்வளவு நேரமாக ஒருத்தரும் அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் போனார்கள். ஏன்? பயம்! போட்ட பிறகு ஃபாலோ போட முடியாதே என்ற பயம். ஸ்டோர்ஸ் லக்ஷ்மிநாராயணனுக்கு அந்தப் பயம் இல்லை.

“ஹர்ஷா!” என்றார், குரல் தழுதழுக்க. “இது உனக்காக!”

“அப்பா, இரு, அது இல்ல...”

டொக். கறுப்பு உள்ளே விழுந்தது.

“ரெட்!” இரண்டு கைகளையும் தூக்கினார். “அண்ட் ஃபாலோ!” என்று முழங்கிவிட்டு, அடுத்த பந்தை நோக்கி மேஜையை வலம் வரத் தொடங்கினார். யாரும் கைதட்டவில்லை. பாட்டுகூட அந்தச் சமயம் பார்த்து நின்று தொலைத்தது. ஹர்ஷா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். சலீம் வந்து தோளில் கை போட்டு, மரியாதையாகச் சொன்னான்: “அங்கிள்ஜி, கறுப்பு கடைசியில்தான் விழணும். முன்னாடியே போட்டால் ஆட்டம் எதிராளிக்கு. தேங்க் யூ.”

மேஜை போயிற்று. பிள்ளைகள் பைகளை எடுத்துக்கொண்டார்கள். லக்ஷ்மிநாராயணன் தலை நிமிராமல் வெளியேற நினைத்து, சமையலறைக் கதவைத் தள்ளி, ஒரு தட்டு உருளைக்கிழங்கோடு மோதிக்கொண்டார்.

“நீங்க போங்க. நான் அப்பாவ விட்டுட்டு வரேன்” என்றான் ஹர்ஷா.

மகன் பைக்கை ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பரிஹார் சவுக் சிக்னல் தாண்டியதும் அவன் முதுகு குலுங்க ஆரம்பித்தது. லக்ஷ்மிநாராயணனின் மனம் உருகியது. பிள்ளை அழுகிறான்! அப்பாவையும் ஊரையும் விட்டுப் போகிற துக்கத்தை ஹெல்மெட்டுக்குள் அடக்கிவைத்திருக்கிறான். முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“அழாதேடா கண்ணா. பிரிவுங்கறது...” என்று குளியலறை வசனத்தை எடுத்தார்.

ஹர்ஷா பைக்கை ஓரங்கட்டினான். ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணெல்லாம் நீர். சிரிப்பு தாங்காமல் வந்த நீர்.

“ஃபாலோ!” என்றான், மூச்சு வாங்க. “அந்த சலீம் மூஞ்சியப் பாத்தியாப்பா? சுத்தி சுத்தி வேற போறே!”

வீட்டு வாசலில் அவன் கிளம்பவில்லை. “அம்மாட்ட நானே சொல்லணும். நீ சொன்னா ஹீரோவாயிடுவே” என்று அவருக்கு முன்னால் லிஃப்டுக்கு ஓடினான். சோபாவில் நீலாவை உட்கார வைத்து நடித்துக் காட்டினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “அதென்ன நெத்தியில நீலமா?” என்று கேட்டு, மறுபடி சிரித்தாள். லக்ஷ்மிநாராயணனுக்கு ரோஷம் வந்தது. கௌரவமாக எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது என்று முடிவு செய்தார். எழுந்தும்விட்டார்.

அப்போது ஹர்ஷா போனைப் பார்த்தான். “ஓகேம்மா, எல்லாரும் ரீச் ஆயிட்டா. கெளம்பறேன்” என்று சாவியைத் தேடினான்.

லக்ஷ்மிநாராயணன் படுக்கையறைக்குப் போகவில்லை. பால்கனிக்குப் போய்த் தரை துடைக்கிற மாப் குச்சியை எடுத்துவந்தார்.

“நீ காட்டினது தப்புடா. நான் அப்படியா நின்னேன்?” என்று சாப்பாட்டு மேஜைமேல் தொப்பை நசுங்கக் கவிழ்ந்தார். “அதுவும் உனக்குப் பாதிதான் தெரியும். வெயிட்டர்ட்ட பவுடர் கேட்டேனே, அது தெரியுமா?”

“பவுடரா? பார்லயா?” ஹர்ஷா சாவியோடு உட்கார்ந்துவிட்டான். “அம்மா, இவர் என்னை ஜெயிலுக்கு அனுப்பிருப்பார்!”

பவுடர் கதை கொஞ்ச நேரம் தாங்கியது. அது தீர்ந்ததும் சலீமின் குச்சிப் பெட்டியைப் புல்லாங்குழல் என்று நினைத்து ஒரு பாட்டு வாசிக்கச் சொன்னதாக விட்டார். அப்படி நடக்கவே இல்லை. சமையலறைக்குள் போனவர், அங்கிருந்த சமையல்காரரையும் ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டதாகச் சொன்னார். அதுவும் நடக்கவில்லை. நீலாவுக்கு அவர் புளுகு தெரியும். அவள் எழுந்து போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

ஹர்ஷாவின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, மேஜைமேல் கவிழ்த்துவைத்தான்.

“அப்புறம்? அந்த குக் என்ன சொன்னார்?”

முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மாப் குச்சியோடு மேஜைமேல் கவிழ்ந்தபடியே லக்ஷ்மிநாராயணன், சமையல்காரர் என்ன சொல்லியிருக்கலாம் என்று மும்முரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.