தனக்குத் தானே கொளுத்திய மெழுகுதிரி

வருடத்துக்கு ஒருமுறை, நவம்பர் பிறந்ததும், லோறன்ஸ் தன்னுடைய ஆன்ம இளைப்பாற்றிக்குத் தானே மெழுகுதிரி கொளுத்துவார். இது பகிடி இல்லை. ஒஸ்லோவில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள், இறந்தோர் நினைவுப் பூசையில் வாசிப்பதற்குத் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயர்களைச் சொல்லிவைப்பார்கள். லோறன்ஸ் சொல்லும் பெயர் சவிரிமுத்து. ஊரில் செத்துப்போன தம்பி என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். உண்மையில் சவிரிமுத்து என்பது அவரேதான். செத்தது அண்ணன் லோறன்ஸ்.

விசயம் பெரிய சிக்கலானதல்ல, பொல்லாதது. எண்பத்தாறில் மன்னார்க் கரையில் சவிரிமுத்துவுக்கு இருபது வயது. இயக்கப் பெடியளைப் படகில் ஏற்றி இறக்குகிறான் என்று யாரோ அவன் பெயரை ஆமிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு நோர்வேயில் படிக்க இடம் கிடைத்து, பாஸ்போட்டும் கையில் இருந்தது. இரண்டு பேருக்கும் ஒரே முகவெட்டு. "நீ போ. நான் பிறகு ஒரு வழி பாத்து வாறன்," என்று அண்ணன் எல்லாவற்றையும் தம்பியின் கையில் திணித்தார். தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் விமானத்துக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, ஊரில் சுற்றிவளைப்பு. சவிரிமுத்து எங்கே என்று ஆமி கேட்டது. ஓடிவிட்டான் என்று சொன்னால் கொழும்புவரைக்கும் தேடிப் போவார்கள். அண்ணன் முன்னால் வந்து, நான்தான் சவிரிமுத்து என்றார். கொண்டுபோனார்கள். அதன்பிறகு அவரைக் கண்டவர் இல்லை.

தம்பி பத்திரமாக வந்து இறங்கினார். பெயர் மட்டும் அண்ணனுடையது. முதலில் வடக்கே மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் சமையலறை. அங்கே நெஞ்சில் குத்தியிருக்கும் அட்டையிலும் லோறன்ஸ்தான். அம்மா கண்மூடும்வரை தொலைபேசியில் அவரை லோறன்ஸ் என்றே கூப்பிட்டார். யாராவது ஒட்டுக் கேட்பார்களோ என்ற பயம் முதலில்; பயம் போன பிறகு பழக்கம். கட்டின மனைவி மேரியம்மாவிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. மேரியம்மாவும் செத்து மூன்று வருடமாகிறது. சவிரி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை.

பயந்த மனிதர் என்று அவரைக் குறை சொல்வது லேசு. ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பக்கத்துக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது, பெயர்ப் பிரச்சினையில் யாருக்கோ குடியுரிமையைப் பறித்துவிட்டார்களாம் என்று ஒரு கதை காதில் விழும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அதையும்விடப் பெரிய பயம், மகள். மேரின் லோறன்ஸ். தமிழ் வழக்கப்படி தகப்பன் பெயர் பின்னால். உன் பெயரின் பாதி உன் தகப்பனுடையது அல்ல என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஒரு செத்த மொழியைப் படிக்கிறாள். பேசுவதற்குப் பூமியில் ஒருவரும் இல்லாத மொழி. வகுப்பிலும் கையில் எண்ணக்கூடிய பேர்தான். மூவாயிரத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன் இன்றைய துருக்கியில் அரசாண்டு, களிமண் பலகைகளில் ஆணி ஆணியாக எழுதி வைத்துவிட்டு அழிந்துபோன இத்தியருடைய மொழி. இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று அவர்கள் குடியிருக்கும் எல்லிங்ஸ்ருட்டில் கேட்காத தமிழர் இல்லை. லோறன்ஸ் மட்டும் கேட்கவில்லை.

ஒக்ரோபர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்று. வெளியே சேறும் அழுகின இலையுமாய்க் கிடந்தது. அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மேரின் மேசையில் மடிகணினியை விரித்துவைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இத்தியர் எண்டால், மனிசியைப் புதைக்க இடமில்லாமல் நிண்ட ஒரு பரதேசிக்கு நிலம் வித்த சனமெல்லோ? வேதாகமத்தில வாற கதை, பூசையில வாசிக்கிறவை," என்றார் அவர்.

"அந்தப் பேரில வாற ஆக்கள்தான். ரெண்டும் ஒரே சனமோ எண்டு சரியாத் தெரியாதப்பா."

"புதைக்க நிலம் குடுத்தவை எண்டால் நல்ல சனம்."

மேரின் சிரித்தாள். "இவையின்ட பாஷை நோர்வே பாஷைக்குச் சொந்தம் எண்டு முதல்முதல் சொன்னவர் இஞ்சை ஒஸ்லோவில இருந்தவர். நூறு வருசத்துக்கு மேல. மற்றப் பெரிய ஆக்கள் நம்பேல்லை. அவரும் பின்வாங்கிட்டார்."

"பிறகு?"

"பிறகு பாத்தால் அவர் சொன்னதுதான் சரி."

"சரியானதைச் சொல்லிப்போட்டு விழுங்கிறது கஷ்டம்," என்று சொல்லிவிட்டு அவர் செதிளைச் சுரண்டினார்.

"இப்ப நான் மாஸ்டர் படிப்புக்கு எழுதுறதைக் கேளுங்கோ. அரசனுக்குச் சாவு வருதெண்டு குறி தெரிஞ்சால், சண்டையில பிடிச்ச கைதி ஒருத்தனைக் கொண்டருவினம். அரசன்ட எண்ணெயைப் பூசி, அரசன்ட உடுப்பைப் போட்டு, 'இவன்தான் அரசன், என்ட பேரை இவனுக்குக் குடுத்திட்டன், இவனைப் பிடி, என்னை விடு' எண்டு தெய்வத்திட்டச் சொல்லுறது. அந்த ஆளைத் தர்ப்பல்லி எண்டுவினம். பதிலாள்."

கத்தி நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை.

"பிறகு அவனைக் கொல்லுவினமோ?"

"இல்லையப்பா. அதுதான் எனக்குப் பிடிச்சது. நான் படிக்கிற பலகையில அவனை ஒரு அதிகாரியோட அவன்ட ஊருக்கே திருப்பி அனுப்புகினம். கெட்டது அவனோட போயிடும் எண்டு நம்பிக்கை."

"போய்ச் சேந்தவனோ?"

"அது எழுதேல்லை. அவன்ட சொந்தப் பேரும் இல்லை. அரசனுக்கு வந்தது விலகிட்டுது, அதோட சரி."

அவர் கையைக் கழுவப் போகிறவர்போலக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தண்ணீரைத் திறந்துவிட்டார். பிறகு வாயில் துவாயைத் திணித்துக்கொண்டு அழுதார். சாமி கும்பிட வகைதொகை தெரியாமல் மண்ணோடு மண்ணாய்ப் போன சனம்கூடப் பதிலாளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அண்ணனுக்கு அதுவும் இல்லை. கல்லறை இல்லை, நாற்பது வருடமாகப் போகிறது, அவருடைய பெயருக்கு ஒரு பூசைகூட இல்லை. ஊரும் உறவும் செய்த செபமெல்லாம் உயிரோடு இருப்பவனின் தலையில் கொட்டிக் கிடக்கிறது. இந்த எண்ணம் அவருக்கு இதற்கு முன் வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் விழுங்கியிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, பெயர்களைக் கேட்டு எழுதும் அருட்செல்வத்திடம் போனார்.

"சவிரிமுத்து தானே? எழுதிட்டன் அண்ணை," என்றான் அருட்செல்வம்.

"இல்லை. அதை வெட்டிவிடு. லோறன்ஸ் எண்டு எழுது."

"அது உங்கட பேரெல்லோ?"

"எழுது, தம்பி."

அருட்செல்வம் அவர் முகத்தைப் பார்த்தான். பழைய பெயரை வெட்டிவிட்டு எழுதினான்.

நினைவுப் பூசையன்று கோயில் நிரம்பியிருந்தது. லோறன்ஸ் வழக்கமாக உட்காரும் வாங்கில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார். மடித்த குளிர்க்கோட்டை மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். எழுந்து ஓடிப்போய் அந்தப் பெயரை அழித்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சுவாமியார் நிறுத்தி நிறுத்திப் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்து, "லோறன்ஸ்" என்றார்.

முன்வாங்கில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. யாரோ பிழையாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்து ஒருவர் அவரைப் பார்த்துச் சிரித்தார். சுவாமியார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். மேரின் மட்டும் காத்திருந்தாள். சவிரிமுத்து என்ற பெயர் வரவில்லை. அவள் தகப்பனைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய், மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துவிட்டு, "அண்ணை" என்று சத்தமாகவே சொன்னார். சொந்தத்தில் ஒருவரை அவர் அப்படிக் கூப்பிட்டு அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு ஒரு தம்பி இருந்தான் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

வெளியே பனியும் மழையுமாய்க் கலந்து பெய்துகொண்டிருந்தது. யாரோடும் கதைக்காமல் இரண்டு பேரும் ஸ்டேசனை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் மேரின் நின்றாள்.

"அப்பா, உங்கட பேர் என்ன?"

சொன்னார். இத்தனை வருடத்துக்குப் பிறகு அது யாரோ ஒருவருடைய பெயர்போல் இருந்தது. பிறகு லொட்ஜையும், சுற்றிவளைப்பையும், அண்ணன் முன்னால் வந்ததையும் சொன்னார். குடியுரிமை போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ரெயில் ஒன்று வந்து போயிற்று. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், அவள் திட்டவில்லை. சின்ன வயதிலிருந்து சித்தப்பா, சித்தப்பா என்று சொல்லி மெழுகுதிரி கொளுத்திய பிள்ளை அவள்.

"பெரியப்பா," என்று தொடங்கினாள். "பெரியப்பாவை அவங்கள் வீட்டுக்கு அனுப்பேல்லையோ?"

"இல்லை, பிள்ளை," என்றார் சவிரிமுத்து.