அத்தை தட்டிப் பார்த்த தெர்மாகோல் பானை

கோவில்பட்டி கல்யாண மண்டபத்தில் பழங்காலப் பொருள் கண்காட்சி போட்டிருக்கிறார்களே, இன்று அங்கே பசுவந்தனை அத்தையைக் கூட்டிப் போனேன். என் புத்தி அப்படி.

கையில் ஒரு தெர்மாகோல் கட்டையைக் கொடுத்து, தலையில் கேமரா வைத்த ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள். அதற்குள் பார்த்தால் கட்டை இருக்கிற இடத்தில் பழைய மண்பானை தெரியுமாம். கட்டையைத் திருப்பினால் பானையும் திரும்புமாம்.

ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். முட்டுவலிக்காரர் என்று அத்தையை முதலில் விட்டேன்.

"அம்மா, பூமிக்கடியில கிடைச்ச பானை. பயப்படாம புடிச்சுப் பாருங்க" என்றார் சென்னையிலிருந்து வந்திருந்த பொறுப்பாளர்.

ஆயுசு முழுக்கச் சந்தையில் பானை வாங்கியவர் அத்தை. விரலை மடக்கித் தட்டினார். பொத்தென்றது.

"ஏலே, கணீர்னு சத்தமே வரலியே. இது வேகாத பானைல்லா?"

"அத்தை, தட்டாதீங்க. சும்மா பாருங்க."

"தட்டாம எவம்லே பானை வாங்குவான்?"

இன்னும் ஓங்கித் தட்டினார். கட்டை இரண்டாகப் பிளந்தது.

"பாத்தியா, பானையவே காணும்! நான் அப்பவே சொன்னேம்லா!"

வேறு கட்டை நாளைதான் வருமென்று பொறுப்பாளர் மிஷினை மூடிவிட்டார். பின்னால் நின்ற அத்தனை பேரும் என்னைத்தான் முறைத்தார்கள். அத்தையை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பானையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அது எப்படி இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள். என் கைக்கு வந்தது பாதித் தெர்மாகோல்தான்.

வயிற்றெரிச்சலில் நானும் அதைத் தட்டிப் பார்த்தேன். வேகவில்லைதான்.