மூணு ஆச்சு

சாவியை மூன்றாவது முறையும் திருப்பிப் பார்த்துவிட்டு வெல்லோ காரைவிட்டு இறங்கினார். பிப்ரவரிக் குளிரில் அந்தக் கிழட்டு வண்டி இருமியதோடு சரி. வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர், "இன்னொரு தடவை திருப்பிப் பாருய்யா, பிடிச்சுக்கும்" என்றார்.

"மூணு ஆச்சு" என்று சொல்லிவிட்டு வெல்லோ கடைக்கு நடந்தார்.

எஸ்தோனியாவின் வோரு நகரத்தில் இந்த இரண்டு சொல்லைக் கேட்காதவர்கள் குறைவு. ஊறுகாய் ஜாடியின் மூடி மூன்று தடவையில் திறக்காவிட்டால், ஜாடி அப்படியே அலமாரிக்குத் திரும்பிவிடும். ஐமியைக் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அதே கதைதான். இரண்டு தடவை பிகு பண்ணிக்கொண்டவள், மூன்றாவது தடவை அவர் வாயைத் திறப்பதற்குள் சரி என்றுவிட்டாள்.

வெல்லோ இரண்டு முறை டெக்கத்லான் சாம்பியன். ஓட்டம், தாண்டல், எறிதல் என்று இரண்டு நாளில் பத்துப் போட்டி, எல்லாம் ஒரே ஆள். எஸ்தோனியாவில் மீன் விற்கிறவள்கூட அதன் புள்ளிக் கணக்கை ஒப்பிப்பாள். இப்போது நகராட்சிக்குப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். விறகு பிளந்தாலும் ஐந்து குவியல் இன்று, ஐந்து நாளை. கடைசிப் போட்டியான ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. கடை ஏறக்குறைய அவ்வளவு தூரம் என்பதால் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போவார்.

அன்று கறுப்பு ரொட்டியைச் சுற்றிக் கொடுத்தபடியே கடைக்காரி சொன்னாள்: "ஹெல்டுருக்குத் திங்கக்கிழமை தார்த்து ஆஸ்பத்திரில இதய ஆபரேஷனாம். பிழைக்கிறது கஷ்டம்னு பேசிக்கிறாங்க."

ஹெல்டுர் பழைய எதிரி, அதாவது மைதானத்துச் சிநேகிதர். ஒரு வருஷம் கோலூன்றித் தாண்டும்போது ஹெல்டுரின் கோல்கள் வந்து சேரவில்லை. வெல்லோ தன்னுடையதைக் கொடுத்தார். அந்த விளையாட்டில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். வெல்லோ தாண்டத் தொடங்குவதற்கு முன்பே ஹெல்டுரின் கையில் அது இரண்டாக உடைந்தது. யாரோ ஒரு தடியரின், தனக்கு வளைந்தே கொடுக்காத கோலை இரவல் வாங்கி வெல்லோ மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் குறுக்குக் கம்பு விழுந்தது. நான்காவது வாய்ப்பு கிடையாது. பத்தில் ஒன்றில் சைபர் வாங்கினால் பட்டம் போனதுதான். நடுவரிடம் "மூணு ஆச்சு" என்று சொல்லிவிட்டு ஈட்டி எறியப் போனார். பட்டம் ஹெல்டுருக்குக் கிடைத்தது.

வெல்லோவுக்குக் கோபமே வரவில்லை. உடைந்த பாதிக் கோல் இன்றும் தோட்டத்தில் ஆப்பிள் கிளைக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்ற ஹெல்டுர் அதோடு மைதானப் பக்கமே வரவில்லை. ஏரிக்கரையில் அவர் வீட்டுக் கதவை வெல்லோ மூன்று முறை போய்த் தட்டினார். முதல் முறை பதிலில்லை. அடுத்த முறை திரை அசைந்தது. மூன்றாவது முறை, "வீட்ல யாருமில்ல!" என்று உள்ளேயிருந்து ஹெல்டுரே கத்தினார்.

வெல்லோ வீடு திரும்பிச் சொன்னதையெல்லாம் ஐமி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டாள்.

"போய்ப் பார்த்துட்டு வா."

"மூணு ஆச்சு, ஐமி."

"அது குறுக்குக் கம்புக்குப் போட்ட சட்டம்யா. மனுஷனுக்குமா?"

"அவன் கதவைத் திறக்க மாட்டான்."

"திறக்கலேன்னா ஜன்னல்ல நின்னு கத்து. யாருமில்லேன்னு சொல்றவனுக்குக் காது நல்லாத்தானே கேக்குது!"

திங்கட்கிழமை ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஆனால் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோவார். அது ஐமிக்குத் தெரியும்.

வெல்லோ எழுந்தார். புகைபோட்ட மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஐமி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். கார் ஒருமுறை இருமியது. இன்னொரு முறை இருமியது. மூன்றாவது முறை அந்த இருமலும் இல்லை. கார்க் கதவு திறக்கும் சத்தத்துக்காக அவள் காத்திருந்தாள்.

கதவு திறக்கவில்லை. வெல்லோ சாவியை இன்னொரு தடவை திருப்பினார்.