கமலத்தின் வாயில் வைத்த புளியங்கொட்டை

போன கிழமை பேத்தியோடு ஆஸ்பத்திரியில், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அறைக்குள் இருந்தேன். பிள்ளைக்கு ஏழு வயதாகியும் 'ர' வாயில் ஏறவில்லை. எல்லாம் 'ல' தான். பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒரு சின்னக் கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, ஐஸ்பழக் குச்சி மாதிரி ஒரு குச்சியால் நாக்கு நுனியை மெல்லத் தொட்டுக் காட்டினா. அதைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மிஸ், இதுக்கு இவ்வளவு சாமான் தேவல்ல. ஒரு புளியங்கொட்டையால என்ட தங்கச்சிக்கு ஆறு மாசத்தில 'ர' வர வச்ச ஆள் நான்."

சொன்னதோடு நிற்காமல் பேத்திக்கென்று சட்டைப் பையில் கொண்டுபோன கொட்டையை எடுத்தும் காட்டினேன்.

"ஐயோ ஐயா, அது பிள்ளைட தொண்டைக்குள்ள போயிரும். உள்ள வைங்க!"

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் செட்டிபாளையத்தில் தோணி எஞ்சின் பழுதென்றால் இன்றைக்கும் என்னிடம்தான் வரவேண்டும். கரையில் எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, வீட்டில் சோறு தின்றுகொண்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்த நாளில் நான் ஓர் எஞ்சின் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தங்கச்சி கமலத்துக்கு எட்டு வயது. இறாலை 'இலால்' என்பாள். வாவியில் இறால் பிடித்துச் சீவிக்கிற வீட்டில் பிறந்துவிட்டு இப்படிச் சொன்னால் ஊர் விடுமா? "இலால் என்ன விலை புள்ள?" என்று பெரிய மனிசரே கேட்டுச் சிரிப்பார்கள். "இவள ஆர் வந்து கட்டப் போறான்?" என்று அம்மா மூக்கைச் சிந்துவா. அப்பா செத்துப்போன வீடு. ஆகையால் பொறுப்பை நான் எடுத்தேன்.

ஓடுகிற எஞ்சினுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்துவேன். நாக்குக்கு அடியில் கொட்டையை வைத்து, எஞ்சின் மாதிரி 'ட்ர்ர்ர்' என்று சொல்லச் சொல்வேன். மண்ணெண்ணெய்ப் புகையில் அவளுக்குக் கண்ணீர் வடியும். பிழை விட்டால் தலையில் ஒரு குட்டு. ஆறு மாதத்தில் அவள் வாயில் பிழையே இல்லை. "உன்ட மகன் கெட்டிக்காரன்கா" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அம்மாவிடம் சொன்னார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மிஸ் சிரிக்கவில்லை.

"அவ இப்ப 'ர' வடிவாச் சொல்றாவா, ஐயா?"

"பிழை ஒண்டும் இல்லையெண்டு சொல்றன்தானே."

"அதில்ல. அந்தச் சத்தம் வாற ஒரு சொல்ல அவ சொல்லி, நீங்க காதால கேட்டிருக்கீங்களா? சில பிள்ளைகள் குட்டுக்குப் பயந்து அந்தச் சொல்லுகளையே விட்டிருவாங்க."

கையிலிருந்த கொட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். கமலம் 'இருக்கு' என்று சொல்வதே இல்லை, 'கிடக்கு' என்பாள். கல்குடாவில் வாழ்க்கைப்பட்டவள், அது அந்தப் பக்கத்துப் பேச்சு என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை பெயர் இராசதுரை. எங்கள் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லமாட்டார்கள், அதனால் அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் முதல் ஆண்பிள்ளை பிறந்தபோது, அப்பாவின் பெயரை, தருமராசா என்று வைக்கச் சொன்னேன். செத்தவர் பெயரை அப்படி வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். ஒருநாளும் எனக்கு எதிர்ச்சொல் சொல்லாதவள், "வேணாம் அண்ணன், வேணாம்" என்று பிடிவாதமாக நின்று, கோகிலன் என்று வைத்தாள். பெற்ற தகப்பனை மறந்தவள் என்று ஏசிவிட்டு இரண்டு வருடம் அவள் வாசல் மிதிக்கவில்லை நான். தருமராசா என்று வைத்திருந்தால் அவள் அல்லவா அந்தப் பெயரை நாளுக்கு நூறு தரம் கூப்பிட வேண்டும்? அல்லது கோகிலன் என்ற பெயர் சும்மா பிடித்திருந்ததோ? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பின்னேரம் கமலத்துக்குப் போன் எடுத்தேன்.

"கமலம், சுகமா?"

"ஓம் அண்ணன். மச்சி சுகமா?" என்று என் மனைவியை விசாரித்தாள்.

"அங்க மழையா?"

"இல்ல."

இராசதுரை மச்சான் செத்து வருடங்கள் ஆகிவிட்டன. துணிந்து கேட்டேன்.

"மச்சான்ட பேர ஒருக்காச் சொல்லுகா."

சிரித்தாள்.

"அத எப்பிடிச் சொல்லுவன்? எங்கட ஆக்கள் சொல்லுவாங்களா?"

"அப்ப இறால் எண்டு சொல்லு."

"அண்ணன், அடுப்பில பால் கிடக்கு. போனை வைக்கன்."

பால் பொங்கியதா, என்னிடமிருந்து தப்பினாளா? வழக்கத்துக்காகச் சொல்லவில்லையா, என் குட்டுக்காகவா? ஐம்பது வருடம் கழித்துமா?

ஒன்று மட்டும் தெரியும். அந்த ஆறு மாதத்துக்கு முந்திய கமலம் தோணியில் ஏறினால் அக்கரை சேரும்வரை வாய் ஓயமாட்டாள். கம்பில் குந்தியிருக்கும் நீர்க்காகத்துக்கும் ஒரு கதை வைத்திருப்பாள். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்திச் சொல்வாள். பிறகு அது நின்றது. அடக்கமான பிள்ளை என்று ஊர் மெச்சியது, நானும் மெச்சினேன். அந்தக் கதைகளில் ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் பிழைகளை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.