கால் டேங்க் டீசலோடு நின்றுபோன லாஞ்ச்

1974 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. விடிந்ததும் வழக்கமான வேலைகள். பாட்டரி செல்களில் தண்ணீர் மட்டம் பார்த்தேன். ரேடியோ செய்தி கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்தேன். தென்னங்கன்றுகளைப் பிடுங்க வந்த குரங்குகளைத் தகரம் தட்டி விரட்டினேன். கத்தரிச் செடிகளுக்கு இரண்டு வாளி ஊற்றினேன். பிறகு ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். அந்தோணிசாமியின் லாஞ்ச் முதல்முறையாக ஆட்களை ஏற்றிக்கொண்டு கேம்பல் பே துறைமுகத்துக்குப் போகவிருந்த நாள் அது.

நான் விமானப் படையில் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக வேலை பார்த்து, சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றவன். முன்னாள் படைவீரர்களுக்கு கிரேட் நிக்கோபாரில் நிலம் தருகிறார்கள் என்று கேட்டு வந்தேன். பக்கத்து நிலம் அந்தோணிசாமிக்கு. தூத்துக்குடிக்காரர், கடற்படையில் தச்சராக இருந்தவர். எங்கள் குடியிருப்புக்கும் கேம்பல் பேக்கும் நடுவே ரோடு வேலை அப்போது முடியவில்லை. மழைக்காலத்தில் ஓடைகள் பெருகிவிட்டால் காய்ச்சல்காரரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடை ஓடையாக இறங்கி ஏற வேண்டும். அப்படி ஒருவரைத் தூக்கிப்போய் வந்த மறுநாளே அந்தோணிசாமி வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு, படகின் அடிக்கட்டையை வைத்துவிட்டார்.

மரம் காட்டிலிருந்து. ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஏலத்திலிருந்து. டிரம் தகட்டை வெட்டி, வெல்டிங் வைத்து, டீசல் டேங்க்கும் அவரே செய்தார். தரைப் பலகைக்குக் கீழே அடங்க வேண்டும் என்பதால் அது நீளமாகவும் உயரம் குறைவாகவும் இருந்தது. எங்களைப்போலவே நிலம் பெற்ற, தினமும் வந்து வேலையைப் பார்க்கிற முன்னாள் ஹவில்தார் பல்பீர் சிங், பலகைமேல் அடைந்திருக்கும் கோழிகளைக் காட்டி, "அந்தோணி பாய், யே லாஞ்ச் ஹை யா முர்கிகானா?" என்பார். லாஞ்சா, கோழிக்கூடா என்று.

"மிதக்கும்போது வாரும்வே. உம்ம தாடியப் பிடிச்சுத்தான் கயிறு கட்டணும்" என்பார் அந்தோணிசாமி. பல்பீருக்குத் தமிழ் பாதிதான் புரியும். புரிந்த பாதிக்கே சிரிப்பார்.

முள்ளுக்குக் கோடு

லாஞ்ச் முடிந்த பிறகுதான் உண்மையான தடை வந்தது. அது அந்தோணிசாமியின் மனைவி மரியபுஷ்பம்.

"எந்தம்பி எண்ணெய் தீந்து நடுக்கடல்ல கெடந்து திரும்பி வந்தவன். டேங்குல எவ்வளவு கெடக்குன்னு தெரியாத போட்டுல நானும் ஏற மாட்டேன், எம்பிள்ளைகளையும் ஏத்த மாட்டேன்."

"குச்சி விட்டுப் பாத்தாப் போதாதாட்டி?"

"ஆடுத கடல்ல குச்சி என்ன சொல்லும்? அளவு காட்டுத முள்ளு வைங்க."

இது வீட்டுச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. மரியபுஷ்பம் ஏறாத லாஞ்சில் குடியிருப்பின் மற்ற பெண்களும் ஏறப்போவதில்லை. பெண்களும் பிள்ளைகளும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வர என்று அவர் கட்டியதற்கு அர்த்தமே இல்லை. அந்தோணிசாமி நேராக என்னிடம் வந்தார்.

"சார்ஜெண்டு, ஏரோப்ளேனுக்கே முள்ளு வச்ச ஆளு நீரு. எம்பொண்டாட்டிக்கு ஒண்ணு வச்சுக் குடும்."

கண்டம் செய்த லாரி ஒன்றிலிருந்து ஃபியூயல் மீட்டரும், டேங்குக்குள் மிதந்து அதன் முள்ளை நகர்த்தும் ஃப்ளோட் யூனிட்டும் கிடைத்தன. லாரி டேங்க் ஆழமானது, எங்களுடையது தட்டையானது. அதனால் மிதவைக் கம்பியை வளைத்து வளைத்துப் பார்த்துத்தான் பொருத்த முடிந்தது. டேங்கின் முன்கோடியில் மட்டுமே கை நுழையும் இடம் இருந்தது. ஃப்ளோட் யூனிட் அங்கே போயிற்று. எஞ்சினுக்குப் போகும் பைப் பின்கோடியில்.

வால் சக்கரம் தரையில் உட்காரும் விமானங்களில் நான் வேலை செய்திருக்கிறேன். நிற்கும்போது அவற்றின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அந்த நிலையில் எண்ணெய் ஊற்றி முள்ளுக்குக் கோடு போட்டால், பறக்கும்போது முள் வேறு கணக்குச் சொல்லும். அதனால் வாலைத் தாங்குகட்டையில் தூக்கி, பறக்கிற மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஊற்றுவோம். லாஞ்சும் கொட்டகையில் பின்பக்கம் தாழ்ந்துதான் இருந்தது. ஆப்பு அடித்து, ரசமட்டம் வைத்து அதைச் சமமாக்கினேன். அளவு கேனில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றினோம். ஒவ்வொரு தடவையும் எண்ணெய் அலை அடங்கும்வரை காத்திருந்து, மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டி, முள் நின்ற இடத்தில் மெல்லிய தூரிகையால் வெள்ளைக் கோடு போட்டேன். பிறகு பைப்பில் வரத்து நிற்கும்வரை வடித்தேன். அந்த இடத்தில் சிவப்புக் கோடு. அடியில் தங்கும் டீசல் எஞ்சினுக்கு உதவாது. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

லாஞ்சைத் தண்ணீரில் இறக்கியதும் நானும் அந்தோணிசாமியும் எஞ்சின் அருகில் உட்கார்ந்து கரையோரமாக ஓட்டிப் பார்த்தோம். வடித்து அளந்ததும் முள் காட்டியதும் ஒத்துப்போயின. மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது பொய் சொல்லாதுல்லா அண்ணே?"

"சொல்லாதும்மா" என்றேன்.

கப்பல் நாள்

அந்தச் செவ்வாய்க்கிழமை கேம்பல் பேயில் போர்ட் பிளேர் கப்பல் நின்றிருந்தது. காய்கறி விற்று, அரிசியும் சாமானும் வாங்கி வரப் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள். மரியபுஷ்பம் இரண்டு மகள்களோடு வந்தார். குடியிருப்பில் டீசல் கொஞ்சம்தான் இருந்ததால் முள் பாதிக்கும் கீழேதான் நின்றது. போகும்போது ஒரு குறையும் இல்லை. கடல் அமைதியாக இருந்தது. பல்பீர், முர்கிகானா மிதக்கிறது என்று எல்லோருக்கும் அறிவித்தபடி வந்தார்.

கேம்பல் பேயில் டீசல் டிரம்கள் இன்னும் கப்பலிலிருந்து இறங்கவில்லை. நாளைக்கு வாங்க என்றார்கள். முள் கால் டேங்குக்குச் சற்று மேலே நின்றது. வீடு திரும்ப ஆகும் செலவைப்போல இரண்டு மடங்கு இருந்தது.

மரியபுஷ்பம் ஏறுவதற்குமுன் மீட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "போதுமாண்ணே?"

"தாராளமாப் போதும். கோடு நான் போட்டதுதானே."

அரிசி மூட்டைகளையும் கூரைத் தகடுகளையும் முன்பக்கம் அடுக்கினோம். எஞ்சின் புகைக்கு ஒதுங்கிப் பெண்களும் பிள்ளைகளும் மூட்டைகள்மேல் போய் உட்கார்ந்தார்கள். காற்றும் அங்கேதான் நன்றாக வந்தது. ஆண்களும் ஒவ்வொருவராக முன்னால் நகர்ந்துவிட்டார்கள். பின்னால் அந்தோணிசாமியும் நானும்தான்.

பாதி வழியில், நிலம் மூக்குப்போல நீண்டிருக்கும் இடத்தைச் சுற்றும்போது எஞ்சின் இரண்டு தடவை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

முள்ளைப் பார்த்தேன். கால் டேங்க். கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை. அந்தோணிசாமி முன்மூடியைத் திறந்து குச்சி விட்டார். குச்சி நன்றாக நனைந்து வந்தது.

"எண்ணெய் கெடக்கே! பெறவு என்ன கேடு இதுக்கு?"

அந்த மூக்கைத் தாண்டினால் நீரோட்டம் கரையை விட்டு வெளியே இழுக்கும். அந்தோணிசாமி நங்கூரம் போட்டார். கயிறு முழுவதும் போயும் தரை தட்டவில்லை. பல்பீரும் இன்னொருவரும் துடுப்புப் போட்டார்கள். சாமான் ஏற்றிய லாஞ்ச் துடுப்புக்கு அசைகிற பாரம் இல்லை. கரையில் இருந்த ஒரு சாய்ந்த மரத்தைக் குறி வைத்துப் பார்த்தேன். அது மெதுவாகச் சிறுத்துக்கொண்டிருந்தது.

மரியபுஷ்பம் இரண்டு மகள்களையும் இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு, "முள்ளு பொய் சொல்லாதுன்னு நீங்கதானண்ணே சொன்னிய" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தினேன். டீசல் வரவில்லை, வெறும் நுரை வந்தது. டேங்கில் எண்ணெய் இருக்கிறது, பைப்பில் காற்று வருகிறது. அடைப்பாக இருந்தால் இப்படி நுரைக்காது.

அந்த நேரத்தில் யாருடைய பையிலிருந்தோ ஒரு தேங்காய் விழுந்தது. தரைப் பலகையில் முன்பக்கமாக உருண்டு, அரிசி மூட்டையில் முட்டி நின்றது. பல்பீர் காலால் தட்டிப் பின்னால் தள்ளினார். அது திரும்பவும் முன்னால்தான் உருண்டது.

தேங்காய் போன வழியில்தான் டீசலும் போயிருக்கிறது. முன்பாரத்தால் லாஞ்ச் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. தட்டையான டேங்கில் இருந்ததெல்லாம் முன்கோடிக்கு ஓடி, மிதவையைத் தூக்கிப் பிடித்திருந்தது. குச்சியையும் நனைத்தது. பின்கோடியில் பைப் வாய்க்கு ஒரு சொட்டு இல்லை.

"எல்லாரும் பின்னால வாங்க! எஞ்சின் பக்கம்! மூட்டையையும் தள்ளுங்க!"

"அந்தப் புகைக்குள்ளயா?" என்றார் ஒரு பெண்.

"எஞ்சினே ஓடல, புகை எங்கருந்து வரும்? வாங்கட்டி!" என்று அந்தோணிசாமி கத்தினார்.

பல்பீர் துடுப்பை வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் மாடு ஓட்டுவதுபோல் ஓட்டினார். "சலோ, சலோ, சப் பீச்சே! அம்மா, பீச்சே!" எல்லோரும் பின்னால் போங்கள் என்று. பிறகு அரிசி மூட்டை ஒன்றைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்து எஞ்சின் பெட்டியருகே போட்டு, அதன்மேல் தானும் உட்கார்ந்தார். பின்பக்கம் தாழ்ந்தது. தேங்காய் அவர் காலடிக்கே உருண்டு வந்தது.

கைப்பம்பை அடித்தேன். திருகு வாயில் நுரை வந்தது. பிறகு குமிழிகள். பிறகு, காற்றே இல்லாத டீசல் கோடாக வழிந்தது. திருகை முடுக்கினேன். அந்தோணிசாமி ஹாண்டிலைச் சுற்றினார். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தைப்போல் இனிய சத்தத்தை நான் எந்த விமான ஹாங்கரிலும் கேட்டதில்லை. பல்பீர் என் முதுகில் அறைந்த அறை மறுநாளும் வலித்தது. எல்லோரும் புகையில் இருமிக்கொண்டே சிரித்தார்கள். அந்தோணிசாமி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார், வியர்வை என்றார். சாய்ந்த மரம் பெரிதாகிக்கொண்டு வந்தது. வீட்டுக் கரை வரும்வரை ஒருவரையும் முன்னால் நகர விடவில்லை.

கரையில் இறங்கியதும் மரியபுஷ்பம் மகள்களைக் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்தோணிசாமி கயிறு கட்டியபடி, "இனிமே ஏற மாட்டா, சார்ஜெண்டு" என்றார். நான் ஸ்பானர்களைப் பையில் எடுத்துப் போட்டேன். கரை சேர்ந்துவிட்டோம் என்ற நிம்மதி எனக்கு உடம்பெல்லாம் இருந்தது. அவருக்குப் பாதிதான் இருந்திருக்கும்.

பிற்காலத்தில் கேம்பல் பே பவர் ஹவுஸிலும் போட்களிலும் வேலை பழக வந்தவர்களுக்கு இதைத்தான் சொல்லிவந்தேன். ரசமட்டம் காட்டும் மட்டம் கொட்டகையின் மட்டம். மனிதர்கள் ஏறி, நிழலுக்கும் காற்றுக்கும் ஒதுங்கி உட்கார்ந்த பிறகு வருவதுதான் லாஞ்சின் மட்டம். மீட்டருக்குக் கோடு போடுவதற்குமுன், யார் எங்கே உட்காருவார்கள் என்று கேளுங்கள்.

புதன்கிழமை காலை, வழக்கமான வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு அளவு கேனையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு போனேன். லாஞ்ச் தண்ணீரில் கட்டியிருந்தது. அந்தோணிசாமி டேங்கை வடித்துவைத்து, முன்பக்கம் பாரம் வைக்க மணல் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

மரியபுஷ்பம் மகள்களோடு வந்தார். பின்னாலேயே நேற்று வந்த பெண்கள் எல்லோரும். மரியபுஷ்பம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, முதல் ஆளாக ஏறி, நேற்று உட்கார்ந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"மணலு வேண்டாம். நாங்க உக்காந்தாத்தான அது பொய் சொல்லுது? உக்காந்துட்டோம். ஊத்துங்கண்ணே, உண்மை சொல்லுத வரைக்கும் நாங்க எந்திரிக்க மாட்டோம்."

லாஞ்ச் மூக்கைத் தாழ்த்தியது. பழைய கோடுகளை டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு, முதல் கேனை ஊற்றினேன்.