ஓரம் தெரியாத திருத்தம்

கோர்ட்ரைக் நகரத்தில் நாங்கள் வேலை பார்த்த ஸ்டுடியோவில் லுட்கார்ட்டின் மேசை என் மேசைக்கு எதிரே. கல்யாணப் படங்களைக் கணினியில் திருத்துவது எங்கள் பிழைப்பு. மற்றவர்கள் திருத்தினால் எங்காவது தடம் இருக்கும். வெளுத்த கன்னத்துக்குக் கீழே பழைய நிறத்தில் கழுத்து நிற்கும். லுட்கார்ட் மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் வளைத்தெடுத்து, அதன் ஓரத்தை மெல்லிய பிரஷால் கரைத்துக்கொண்டே போவாள். திருத்தம் எங்கே முடிந்தது என்று மறுநாள் அவளுக்கே தெரியாது.

பேச்சில் மட்டும் அந்த மென்மை கிடையாது. "இந்தத் தாடையப் பாருடி, மாடி மேல மாடி கட்டியிருக்கா" என்று மணப்பெண்களைச் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் கணவன் ரூலாண்ட் லாரி ஓட்டியவன். பக்கவாதம் வந்து பிழைத்துக்கொண்டான். பேச்சு திரும்பியது, இடப்பக்கம் இறங்கிய வாய் திரும்பவில்லை. மகள் அன்னலோர் யோரிஸைக் கட்டிக்கொண்ட கல்யாணத்தில் அவன் சட்டையில் பீர் வழிந்தது. "போதும்ப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் கோப்பையை எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஸ்டுடியோவுக்கே வந்தாள்.

"அம்மா, அப்பா வாய நேராக்கிடு. ஹால்ல பெருசா மாட்டப் போறோம். யோரிஸ் வீட்டு ஆளுங்க வருவாங்க, எனக்குக் கூச்சமா இருக்கு."

"அவரு மூஞ்சி அதுதானேடி."

"யார் யாருக்கோ பண்றே. என் அப்பாவுக்குப் பண்ண மாட்டியா?"

லுட்கார்ட் செய்தாள். வாயின் நல்ல பாதியைப் பிரதியெடுத்து, திருப்பி வைத்து, தாடி மயிர் வரை இழைத்துவிட்டாள். ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டினாள்.

ரூலாண்ட் நெடுநேரம் பார்த்தான். "யாரு இந்த ஆளு? மாப்பிள்ளையோட சித்தப்பாவா?"

"நீதான்யா."

படத்தைக் குப்புறக் கவிழ்த்தான். "அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? இவனையே கூப்பிட்டிருக்கலாமே."

அன்று முதல் அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டான்.

லுட்கார்ட் யாரிடமும் சண்டை போடவில்லை. அச்சுக்குப் போகவேண்டிய பெரிய படத்தைத் திறந்து, மணப்பெண்ணின் உதட்டோரத்தைப் பிடித்து, ஒரு மயிரிழை கீழே இழுத்தாள். சுற்றிலும் கரைத்தாள்.

"என்ன பண்றே?" என்றேன்.

"அப்பன் ஜாடை கொஞ்சம் குடுக்கிறேன்."

படம் அப்படியே அச்சாகி, சட்டமிடப்பட்டு, மகள் வீட்டுச் சுவருக்குப் போனது.

படத்தில் யாருக்கும் குறை தெரியவில்லை. தினமும் அதைப் பார்த்த அன்னலோருக்குத் தன் முகத்தில் குறை தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்றாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடினாள். நரம்பு டாக்டர் ஒன்றுமில்லை என்றார். "அப்பாவுக்கும் மொதல்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க" என்று வேறு டாக்டரிடம் போனாள்.

மதியம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே லுட்கார்ட் இதையெல்லாம் எனக்குச் சொல்வாள். "கொஞ்சம் படட்டும். அந்த ஆளு படறது அவளுக்கும் தெரியட்டும்."

பிள்ளைக்கும் இது வந்துவிடும், பிள்ளையே வேண்டாம் என்று அன்னலோர் யோரிஸிடம் சொன்ன பிறகுதான் லுட்கார்ட்டுக்கு ரொட்டி இறங்கவில்லை. மகளை ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லி, அசல் படத்தைத் திரையில் திறந்தாள்.

"பாரு, காமிராவுல விழுந்தது இதுதான். உன் வாய் நேராத்தான் இருக்கு. நான்தான்டி கோணலாக்கினேன்."

அன்னலோர் திரைக்கு மிக அருகே குனிந்து, உதட்டோரத்தில் விரலை ஓட்டினாள்.

"நல்லா பண்ணியிருக்கேம்மா. ஓரமே தெரியல."

"பண்ணலடி! இது கையே வைக்காத படம்!"

"அப்பாவுக்கும் இப்படித்தானே நேராக்கினே."

லுட்கார்ட் கோப்பின் தேதியைக் காட்டினாள். என்னையும் கூப்பிட்டாள், என் கண் முன்னால் நடந்தது என்று நானும் சொன்னேன். அன்னலோர் எங்கள் இருவரையும் பரிதாபத்தோடு பார்த்தாள்.

"ரெண்டு பேரும் எனக்காக எவ்வளவு மெனக்கெடுறீங்க" என்று அம்மாவின் தோளைத் தட்டிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

லுட்கார்ட் எல்லாவற்றையும் ரூலாண்டிடம் சொன்னாள். அவன் நல்ல பக்கத்து வாயால் சிரித்தான். "இப்பத்தான் அவ என் பொண்ணு" என்றான். அவன் மகளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

குளிர்காலத்துக்குள் யோரிஸ் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அன்னலோர் இப்போது ஞாயிறுதோறும் அப்பா வீட்டுக்கு வருகிறாள். அவன் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சூப் குடிக்கிறாள். லுட்கார்ட் பரிமாறுகிறாள். ஒரு வாய் சூப் உள்ளே போனதும், எதுவுமே வழியாத உதட்டோரத்தை அன்னலோர் துணியால் ஒற்றிக்கொள்கிறாள்.