டேப்பக்காவும் கழிப்பறைக் கதவும்

தையற்காரி என்று நினைத்து, "சீருடை தைச்சுத் தருவீங்களா?" என்று கேட்ட பெற்றோர் உண்டு. கழுத்தில் எந்நேரமும் தொங்கும் அளவு நாடா அப்படி; டேப்பக்கா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு என்ன கருவி, என்ன உதவி வேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் டேப்பக்காவின் வேலை. மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றே மூன்று ஊர் மாற்றலாகிவிட்டாள். "இங்கயாவது மூட்டையப் பிரிக்கலாமா?" என்பார் கணவர்.

பிள்ளைகளை ஒரு மண்டபத்துக்கு வரவழைத்து மொத்தமாக அளந்து தள்ளுவது அவளுக்கு ஆகாது. பள்ளிக்கே போவாள். பிள்ளையை அளந்த கையோடு கதவுகளையும் அளப்பாள். பிறகு கேட்பாள்: "காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா கண்ணு?"

அன்று அப்படிக் கேட்டதும், புதுச் சக்கர நாற்காலியில் இருந்த எட்டாம் வகுப்புப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "குடிச்சா போகணும்ல. நாற்காலி உள்ள நுழையாது. வீட்டுக்குப் போய்தான் குடிப்பேன்."

டேப்பக்கா கழிப்பறைக் கதவில் நாடாவை வைத்துப் பார்த்தாள். கதவைவிட நாற்காலி நாலு விரல் கூடுதல் அகலம்.

நாற்காலி வழங்குவதைப் படம் எடுக்க ஆளோடு வந்திருந்த அதிகாரி, "தேவை பூர்த்தின்னு கையெழுத்துப் போடுங்க மேடம். கதவெல்லாம் நம்ம வேலையில்ல" என்றார்.

"போட மாட்டேன் சார்."

"அப்ப நாற்காலி திரும்பிப் போயிடும். பொண்ணு வீட்லயே இருந்து படிக்க வேண்டியதுதான்."

தன் வீம்புக்கு இந்தப் பிள்ளை பலியாகலாமா? முதல்முறையாக டேப்பக்காவின் கை பேனாவைத் தேடியது.

"போடாதீங்கக்கா!" என்றாள் அந்தப் பெண். டேப்பக்காவின் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்தாள். எல்லோரும் பார்க்க, மடக் மடக்கென்று அடிவரை குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தாள்.

"குடிச்சிட்டேன் சார். கொஞ்ச நேரம்தான் தாங்கும். கதவ என்ன பண்ணப் போறீங்க?"

படம் எடுக்க வந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

டேப்பக்கா பேனாவைப் பைக்குள் போட்டாள். "கதவு நிலையைப் பேத்தா நாலு விரல் தாராளமா கிடைக்கும்" என்றாள்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த தலைமையாசிரியர்தான் முதல் ஆளாகக் கடப்பாறை தேடி ஓடினார்.